ஜோ பர்ரோவின் 2019: ஒரே ஒரு சீசன் போதுமா, முதல் இடத்துக்கு?

மூன்றாம்_டவுன் (இழையைத் தொடங்கியவர்)

அமெரிக்கக் கல்லூரி ஃபுட்பாலில் எக்காலத்துக்கும் தலைசிறந்த குவார்ட்டர்பேக் (பந்தை எறிந்து ஆட்டத்தை நடத்துகிறவர்) யார் என்று கேட்டால் இப்போது பாதிப் பேர் யோசிக்காமல் ஜோ பர்ரோ என்று சொல்லிவிடுகிறார்கள். எல்.எஸ்.யூ.வின் (லூசியானா ஸ்டேட் பல்கலைக்கழகம்) 2019 சீசனை நானும் வாரம் தவறாமல் பார்த்தவன்தான். 15 ஆட்டம், 15 வெற்றி. எறிந்தது 527, பிடிபட்டது 402. 5,671 யார்டு, 60 டச்டவுன் (எதிரணியின் எண்ட் ஸோனில் பந்தைச் சேர்ப்பது), ஆறே ஆறு இன்டர்செப்ஷன் (எதிரணி பறித்த பந்து). எல்லாம் மனப்பாடம். ஆனாலும் எங்கோ இடிக்கிறது.

மனிதர் 2015 முதல் 2017 வரை ஒஹாயோ ஸ்டேட்டில் பெஞ்சில் இருந்தார். முதலில் ஜே.டி. பாரெட்டுக்குப் பின்னால், அப்புறம் ட்வெய்ன் ஹாஸ்கின்ஸ் முந்திக்கொண்டார். 2018-இல் எல்.எஸ்.யூ.வுக்கு மாறி வந்த முதல் வருடம் 2,894 யார்டு, 16 டச்டவுன், எறிந்ததில் பிடிபட்டது 57.8 சதவீதம். மோசமில்லை. ஆனால் அதோடு நின்றிருந்தால் லூசியானாவைத் தாண்டி யாரும் அவர் பெயரை நினைவு வைத்திருக்கப்போவதில்லை. ஆக நாம் பேசுவது ஒரே ஒரு சீசனைப் பற்றி.

டாமி ஃப்ரேசியர் தொடர்ந்து மூன்று வருடம் நெப்ராஸ்காவைச் சாம்பியன்ஷிப் ஆட்டத்துக்குக் கொண்டுபோனார், இரண்டில் கோப்பை. டிம் டீபோ மூன்று வருடம் ஃப்ளோரிடாவின் ஸ்டார்ட்டர். சிறந்த சீசன் என்பது ஒன்று, சிறந்த வீரர் என்பது இன்னொன்று என்பது என் கட்சி.

என் வரிசை: ஃப்ரேசியர், டீபோ, வின்ஸ் யங், பர்ரோ, கேம் நியூட்டன். அடிக்க வருகிறவர்கள் வரிசையில் வரவும்.

பேயூ_புலி

முதல் அடி என்னுடையது.

"ஒரே ஒரு சீசன்" என்று ஏதோ மழைக்கு ஒதுங்கினவர் மாதிரி சொல்கிறீர்கள் தலைவரே. அந்த ஒரு சீசனில் அவர் யார் யாரை ஜெயித்தார் என்று பாருங்கள். டெக்சஸை அவர்கள் ஊரிலேயே 45-38. ஃப்ளோரிடா, ஆபர்ன். அலபாமாவை அவர்கள் மைதானத்தில் 46-41. கான்ஃபரன்ஸ் (அணிகள் சேர்ந்த லீக்) ஃபைனலில் ஜார்ஜியாவை 37-10. பீச் போலில் (சீசன் முடிவில் நடக்கும் 'போல்' ஆட்டங்களில் ஒன்று) ஓக்லஹோமாவை 63-28, அதில் ஏழு டச்டவுன் பாஸ் இடைவேளைக்கு முன்பே. கடைசியில் 29 ஆட்டம் தோற்காமல் வந்த க்ளெம்ஸனை 42-25. அன்று 463 யார்டு, எறிந்து ஐந்து, ஓடி ஒன்று. க்ளெம்ஸன் குவார்ட்டர்பேக் ட்ரெவர் லாரன்ஸ் கல்லூரியில் தோற்ற முதல் ஆட்டம் அதுதான்.

இதைவிடக் கடினமான பாதையில் போய் யாராவது இந்த எண்களை எடுத்திருந்தால் பெயரைச் சொல்லுங்கள், நான் இழையை விட்டே போகிறேன்.

டெக்சஸ் ஆட்டத்தின் அந்த மூன்றாவது டவுனை (பத்து யார்டு எடுக்கக் கிடைக்கும் நான்கு முயற்சிகளில் மூன்றாவது) மட்டும் எல்லாரும் ஒருமுறை போட்டுப் பாருங்கள். எல்.எஸ்.யூ. ஆறு புள்ளி முன்னே, மூன்று நிமிடம்கூட இல்லை, 17 யார்டு வேண்டும். எந்தக் கோச்சாக இருந்தாலும் பந்தை ஓடக் கொடுத்து நேரத்தைக் கரைத்துவிட்டுப் பண்ட் அடிப்பார் (பந்தை உதைத்துத் தூரத்தில் எதிரணிக்கு விட்டுவிடுவது). இவர்கள் எறிகிறார்கள். டெக்சஸ் ஆளை அள்ளி ப்ளிட்ஸ் அனுப்புகிறது, அதாவது குவார்ட்டர்பேக் மேல் பாயவிடுகிறது. பர்ரோ பதறவில்லை. பாக்கெட்டுக்குள்ளேயே (லைன்காரர்கள் அவரைச் சுற்றி அமைக்கும் காப்பு) ஒதுங்கி இடம் பண்ணிக்கொண்டு, ஜஸ்டின் ஜெஃபர்ஸன் கைக்குப் போடுகிறார். 61 யார்டு, டச்டவுன். செப்டம்பர் 7-ஆம் தேதியே எனக்கு இந்த வருடம் வேறு என்று தெரிந்துவிட்டது.

கெய்ன்ஸ்வில்_முதலை

எல்லாம் சரி. 20 டச்டவுன் பிடித்த ஜமார் சேஸ், 18 பிடித்த ஜெஃபர்ஸன், 13 பிடித்த டெரஸ் மார்ஷல், 1,414 யார்டு ஓடிய க்ளைட் எட்வர்ட்ஸ்-ஹெலேர், குவார்ட்டர்பேக்கைக் காப்பதில் நாட்டிலேயே சிறந்த லைன் என்று விருது வாங்கிய ஐந்து பேர். இத்தனையும் வைத்துக்கொண்டு 60 போடவில்லை என்றால்தான் செய்தி.

2020 ட்ராஃப்டில் (தொழில்முறை அணிகள் கல்லூரி வீரர்களைத் தேர்ந்தெடுப்பது) எல்.எஸ்.யூ.விலிருந்து 14 பேர். முதல் சுற்றில் மட்டும் ஐந்து பேர்.

டீபோவின் 2007-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். எறிந்து 32, ஓடி 23. ஒரே சீசனில் இரண்டிலும் 20-ஐத் தொட்ட முதல் ஆள். இரண்டாம் வருட மாணவன் ஹைஸ்மன் (வருடத்தின் சிறந்த கல்லூரி ஆட்டக்காரருக்கான விருது) வாங்கியதும் அதுதான் முதல் தடவை. அந்த ஃப்ளோரிடா டிஃபென்ஸ் படு இளசு, நான்கு ஆட்டம் தோற்றார்கள். அணியே சுமார் என்றபோதும் வாக்காளர்கள் அவருக்குக் கொடுத்தார்கள் என்றால் என்ன அர்த்தம்?

அடுத்த வருடம் சாம்பியன். அதற்கடுத்த வருடம் 13-1. கடைசி ஆட்டமான சுகர் போலில் சின்சினாட்டிக்கு எதிராக 35-க்கு 31 பிடிபட்டு 482 யார்டு. "எறியத் தெரியாதவர்" என்று சொல்கிறவர்கள் அந்த ஆட்டத்தைப் பார்த்ததே இல்லை.

பேயூ_புலி

மேற்கோள்: "இத்தனையும் வைத்துக்கொண்டு 60 போடவில்லை என்றால்தான் செய்தி"

பெர்ஸி ஹார்வின், பவுன்ஸி இரட்டையர், ஏரன் ஹெர்னாண்டஸ், பிராண்டன் ஸ்பைக்ஸ், ஜோ ஹேடன். 2008 ஃப்ளோரிடாவில் இவர்கள் எல்லாம் தண்ணீர் பாட்டில் கொடுத்துக்கொண்டிருந்தார்களா முதலை?

2006 கோப்பையையும் டீபோ கணக்கில் எழுதுகிறார்கள் சிலர். அந்த வருடம் க்றிஸ் லீக்தான் ஸ்டார்ட்டர். டீபோ ஒரு யார்டு, இரண்டு யார்டு வேண்டும்போது உள்ளே வந்து இடித்துவிட்டுப் போவார். நீங்கள் அதைச் சொல்லவில்லை, அந்த நேர்மைக்கு நன்றி.

ஆஸ்டின்காரி

வின்ஸ் யங்கை மூன்றாவதாகப் போட்டுவிட்டு நிம்மதியாக இருக்கிறீர்களே, தொடங்கியவரே.

2006 ஜனவரி 4, ரோஸ் போல். எதிரே 34 ஆட்டம் தொடர்ந்து ஜெயித்த யூ.எஸ்.சி. (சதர்ன் கலிஃபோர்னியா பல்கலைக்கழகம்). அந்த அணியில் இரண்டு ஹைஸ்மன்காரர்கள், மேட் லைனார்ட்டும் ரெஜ்ஜி புஷ்ஷும். ஆறே முக்கால் நிமிடம் இருக்கும்போது டெக்சஸ் 26, யூ.எஸ்.சி. 38. வின்ஸ் அன்று ஓடியது 200 யார்டு, எறிந்தது 267 யார்டு. முடிவு 41-38.

எல்லாரும் கடைசி ஓட்டத்தைத்தான் பேசுவார்கள். எனக்கு அதற்கு முந்தைய ஒரு நிமிடம்தான் பிடிக்கும். யூ.எஸ்.சி.க்கு நான்காவது டவுன், இரண்டு யார்டு எடுத்தால் ஆட்டம் முடிந்தது. ரெஜ்ஜி புஷ் மைதானத்துக்கு வெளியே நிற்கிறார். பந்து லென்டேல் வைட்டிடம் போகிறது, டெக்சஸ் நிறுத்திவிடுகிறது. பண்ட் அடித்திருக்கலாமே என்று அப்போது கேட்டார்கள். பண்ட் அடிக்காததற்குக் காரணமே எதிர்ப்பக்கம் நின்ற ஆள்தான். வின்ஸ் கையில் பந்து கிடைக்கவே கூடாது என்றுதான் யூ.எஸ்.சி. கோச் பீட் கேரல் நான்காவது டவுனில் துணிந்தார். ஒரு குவார்ட்டர்பேக்குக்கு இதைவிடப் பெரிய மரியாதை என்ன வேண்டும்? பந்து கிடைத்தது, 56 யார்டு, நான்காவது டவுனில் ஐந்து வேண்டிய இடத்தில் வலது மூலையைப் பிடித்து ஓடினார். கடிகாரத்தில் 19 விநாடி.

ஸ்டார்ட்டராக 30-2. ஒரே சீசனில் 3,000 யார்டு எறிந்து 1,000 யார்டு ஓடிய முதல் ஆள். பர்ரோவும் டீபோவும் பெரிய ஆட்டக்காரர்கள்தான். ஆனால் ஒரே ஒரு ஆட்டம், தோற்றால் தலை போகும் என்றால் நான் வின்ஸைத்தான் கூப்பிடுவேன்.

எண்_பித்தன்

சண்டைக்கு நடுவே ஒரு கணக்கு விஷயம். இதைச் சொல்லாமல் பழைய ஆட்களையும் புதிய ஆட்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைக்க முடியாது.

2002-க்கு முன் நடந்த 'போல்' ஆட்டங்களின் எண்கள் அதிகாரபூர்வ சீசன் கணக்கில் சேராது. பேரி சாண்டர்ஸ் 1988-இல் 11 ஆட்டத்தில் 2,628 யார்டு ஓடினார் என்பதே இன்னும் சாதனை. அந்த வருட ஹாலிடே போலில் ஓடிய 222 யார்டு அதில் கிடையாது. குவார்ட்டர்பேக்குகளுக்கும் இதே கதைதான். ஃப்ளோரிடாவுக்கு எதிராக ஃபியஸ்டா போலில் ஃப்ரேசியர் ஓடிய 199 யார்டு அவருடைய 1995 சீசன் எண்ணில் இல்லை.

பர்ரோ ஆடியது 15 ஆட்டம். கான்ஃபரன்ஸ் ஃபைனல், அரையிறுதி, இறுதி எல்லாம் சேர்த்து. பழைய ஆள் 11 ஆட்டக் கணக்கில் நிற்கிறார். 60 டச்டவுனை 15-ஆல் வகுத்தால் ஆட்டத்துக்கு நான்கு. 2006-இல் ஹவாயியின் கோல்ட் ப்ரென்னன் 14 ஆட்டத்தில் 58 போட்டார், ஆட்டத்துக்கு நான்குக்கும் கொஞ்சம் மேலே. அவரை இந்த இழையில் ஒருவரும் சொல்லவில்லை, இனியும் சொல்லமாட்டீர்கள்.

இன்னொன்று. பர்ரோவின் 60-ஐ வெஸ்டர்ன் கென்டக்கியின் பெய்லி ஸாப்பி 2021-இலேயே தாண்டிவிட்டார். 62 டச்டவுன், 5,967 யார்டு. பிடிபட்ட சதவீதத்தில் பர்ரோ 76.3, மறு வருடமே அலபாமாவின் மேக் ஜோன்ஸ் 77.4. கல்லூரி வாழ்நாள் பாஸிங் யார்டு சாதனை ஹூஸ்டனின் கேஸ் கீனமிடம், 19,217. எண்ணை மட்டும் வைத்துப் பார்த்தால் முதல் இடம் இவர்களில் ஒருவருக்குத்தான் போகவேண்டும். யாரும் கொடுப்பதில்லை. அதனால் யார்டு, டச்டவுன் என்று ஒருவரை ஒருவர் அடித்துக்கொள்வதை நிறுத்திவிட்டு வேறு அளவுகோல் கொண்டு வாருங்கள்.

புதுசா_வந்தவன்

எனக்கு இந்த ஆட்டம் இரண்டு வருடமாகத்தான் பழக்கம். ஹைஸ்மன் யார் கொடுப்பது? வாங்கினவர்தான் அந்த வருடத்தின் சிறந்த ஆட்டக்காரர் என்று வைத்துக்கொண்டால் வாக்கு வித்தியாசத்தைப் பார்த்தே வரிசைப்படுத்திவிடலாமே? கிரிக்கெட்டில் நாம் சராசரியைப் பார்ப்பது மாதிரி...

எண்_பித்தன்

கிரிக்கெட்டை உள்ளே விட்டால் இந்த இழை நாற்பது பக்கம் போகும் தம்பி, அதை வாசலிலேயே விட்டுவிடுங்கள்.

ஹைஸ்மனுக்கு வாக்களிப்பது பெரும்பாலும் விளையாட்டுச் செய்தியாளர்கள், கூடவே முன்பு வாங்கியவர்கள். நீங்கள் சொல்கிற கணக்குப்படி பர்ரோதான் முதலிடம். இரண்டாவது வந்த ஜேலன் ஹர்ட்ஸைவிட 1,846 புள்ளி கூடுதல். 1968-இல் ஓ.ஜே. சிம்ப்ஸன் வைத்திருந்த 1,750 என்ற வித்தியாசத்தை முறியடித்தார். ஆனால் வாக்கெடுப்பு 'போல்' ஆட்டங்களுக்கு முன்பே முடிந்துவிடும். வின்ஸ் யங் ரெஜ்ஜி புஷ்ஷிடம் தோற்றது டிசம்பரில், ரோஸ் போல் நடந்தது ஜனவரியில். ஃப்ரேசியர் எடி ஜார்ஜிடம் தோற்றதும் அப்படித்தான். ஹைஸ்மன் வரிசையை வைத்தால் இந்த இழையின் இரண்டு பெரிய பெயர்கள் வெளியே போய்விடும்.

பிளெய்ன்ஸ்_கழுகு

எண்_பித்தன் அளவுகோல் கேட்டார். இந்தாருங்கள்: அந்த ஆளைத் தூக்கிவிட்டு ஒரு சுமாரான குவார்ட்டர்பேக்கைப் போடுங்கள். அணி என்ன ஆகும்?

2010 ஆபர்ன். 14-0. கேம் நியூட்டன் எறிந்தது 2,854 யார்டு, 30 டச்டவுன். ஓடியது 1,473 யார்டு, 20 டச்டவுன். எஸ்.இ.சி.யில் (ஆபர்ன் ஆடும் கான்ஃபரன்ஸ்) அந்த வருடம் மிக அதிக யார்டு ஓடியவர் ஒரு குவார்ட்டர்பேக்! பந்தோடு ஓடுவதே வேலையான ரன்னிங்பேக்குகள் எல்லாரும் அவருக்குப் பின்னால். அடுத்த ட்ராஃப்டின் முதல் சுற்றில் அந்த அணியிலிருந்து போனவர்கள் இரண்டே பேர், நியூட்டனும் நிக் ஃபேர்லியும். பர்ரோவைச் சுற்றி இருந்த கூட்டத்தையும் இதையும் பாருங்கள்.

அவர் போன மறு வருடம் ஆபர்ன் 8-5.

பேயூ_புலிக்கு ஒரு பழைய நினைவு. 2010 அக்டோபர் 23, உங்கள் எல்.எஸ்.யூ. வந்திருந்தது. நியூட்டன் அன்று ஓடியது 217 யார்டு. அதில் ஒரு 49 யார்டு ஓட்டம். நடுவில் நுழைந்து, இடப்பக்கம் வெட்டி, கடைசியில் பேட்ரிக் பீட்டர்ஸன் வந்து பிடிக்கிறார். சாதாரண ஆள் இல்லை, அந்த ட்ராஃப்டில் ஐந்தாவதாகப் போன கார்னர்பேக் (ரிசீவர்களைத் தடுப்பவர்). அவரையும் முதுகில் சுமந்துகொண்டு எண்ட் ஸோனில் விழுந்தார் நியூட்டன். அப்புறம் அலபாமாவிடம் 24-0 பின்தங்கி, அவர்கள் மைதானத்திலேயே 28-27.

இந்த அளவுகோலில் நியூட்டன் ஐந்தாவது இடத்தில் எப்படி நிற்பார் என்று மூன்றாம்_டவுன் விளக்கட்டும்.

கெய்ன்ஸ்வில்_முதலை

நியூட்டன் எங்கள் ஊரில் டீபோவுக்குப் பின்னால் பெஞ்சில் இருந்தவர் என்பதை மட்டும் பதிவு செய்துவிட்டுப் போகிறேன்.

பிளெய்ன்ஸ்_கழுகு

ஆமாம், பிறகு ப்ளின் காலேஜ் போய் ஜூனியர் காலேஜ் சாம்பியன்ஷிப், அதற்கடுத்த வருடம் எங்களிடம் வந்து தேசியச் சாம்பியன்ஷிப். வைத்துக்கொள்ளத் தெரியாதவர்கள் பெருமைப்படலாம், தடையில்லை.

மூன்றாம்_டவுன்

கழுகு சொன்ன அளவுகோல் எனக்குப் பிடித்திருக்கிறது. அதையே பர்ரோவுக்குப் போட்டுப் பார்க்கலாம்.

2018 எல்.எஸ்.யூ.விலும் பர்ரோதான். ஜெஃபர்ஸன் இருந்தார், 54 கேட்ச், 875 யார்டு. சேஸ் முதல் வருடம், 23 கேட்ச், 313 யார்டு. அதே எட் ஓர்ஜெரான் தலைமைக் கோச், அதே ஸ்டீவ் என்ஸ்மிங்கர் அஃபென்ஸ் பொறுப்பில். அந்த அணி அலபாமாவிடம் சொந்த மைதானத்தில் 29-0 தோற்றது. ஒரு புள்ளி இல்லை! அடுத்த வருடம் அதே அலபாமாவிடம் 46 புள்ளி. நடுவில் மாறியது என்ன? நியூ ஆர்லியன்ஸ் செயின்ட்ஸிலிருந்து வந்த ஜோ ப்ரேடி. பந்தைப் பிடிக்கும் ஐந்து ரிசீவர்களையும் விரித்து நிறுத்தி, டிஃபென்ஸ் யார் யாரை மார்க் பண்ணுகிறார்கள் என்று ஸ்னாப்புக்கு (பந்து ஆட்டத்துக்கு வரும் நொடி) முன்பே காட்டிக்கொடுக்கும் அமைப்பு. எதிரே நிற்பவன் ப்ளிட்ஸா, ஸோனா (இடத்தைக் காக்கப் பின்னே நிற்பதா) என்பது பாதி முன்கூட்டியே தெரிந்துவிடும்.

அதாவது பர்ரோ இரண்டு வருடமும் இருந்தார். ப்ரேடி ஒரு வருடம்தான் இருந்தார். அந்த வருடம்தான் வெடித்தது. இதை நீங்கள் எப்படிப் படிப்பீர்கள் புலி?

பேயூ_புலி

நல்ல கேள்வி. இரண்டு விதமாகப் படிக்கலாம்.

ப்ரேடியும் பர்ரோவும் சேர்ந்தே போனார்கள். 2020 எல்.எஸ்.யூ. 5-5. அந்த வருடம் சேஸும் ஆடவில்லை, ஜெஃபர்ஸனும் இல்லை, டிஃபென்ஸ் முதல் ஆட்டத்திலேயே மிஸிஸிப்பி ஸ்டேட்டுக்கு 623 பாஸிங் யார்டு கொடுத்தது. எனவே அதை வைத்து யார் காரணம் என்று நிரூபிக்க முடியாது, நானும் முயற்சி பண்ணப்போவதில்லை.

ஆனால் அமைப்பு எங்கே முடிகிறது, ஆள் எங்கே தொடங்குகிறார் என்பது ஆட்டத்தைப் பார்த்தால் தெரியும். ஜார்ஜியா ஆட்டம், அமைப்பு உடைந்துபோன ஒரு ப்ளே. பாக்கெட் சரிகிறது, கை வைத்தவனிடமிருந்து சுழன்று தப்புகிறார், பக்கவாட்டில் ஓடுகிறார், ஓடிக்கொண்டே தலையைத் தூக்கித் தேடுகிறார், ஜெஃபர்ஸனுக்கு எறிகிறார். 71 யார்டு. அந்த ப்ளேயை எந்த ப்ரேடியும் போர்டில் வரையவில்லை.

க்ளெம்ஸன் ஆட்டத்திலும் அப்படித்தான். க்ளெம்ஸனின் டிஃபென்ஸ் கோச் ப்ரென்ட் வெனபிள்ஸ் புதுப் புது வேஷத்தில் டிஃபென்ஸை நிறுத்தினார், முதல் கால் ஆட்டத்தில் எல்.எஸ்.யூ. திணறியது. 17-7 பின்தங்கினோம். அந்த சீசன் முழுக்க அந்த நிலைமையில் நாங்கள் இருந்ததே இல்லை. அப்புறம் பர்ரோ வெளிப்பக்கத்தைக் குறிவைத்தார். சேஸுக்கு எதிரே ஏ.ஜே. டெரல் தனியாக நின்றார், அவரும் பிற்பாடு முதல் சுற்றில் போனவர்தான். சேஸ் அன்று ஒன்பது கேட்ச், 221 யார்டு. ஒவ்வொன்றும் ஆழமாக, தோளுக்குப் பின்னால் விழுகிற பந்து. டெரல் ஒட்டித்தான் நின்றார், பந்துதான் அவருக்கு எட்டவில்லை. இடைவேளைக்குள் 28-17.

அமைப்பு உங்களுக்கு யார் காலியாக இருக்கிறார் என்று சொல்லும். காலியாக இல்லாதவனுக்கு எப்படிப் போடுவது என்று சொல்லாது.

சோளக்காட்டான்

வேலை முடிந்து வந்து பார்த்தால் ஃப்ரேசியரை முதலிடத்தில் போட்டவருக்கு ஆதரவாக ஒருவர்கூட இல்லை. நெப்ராஸ்காவில் வசிக்கிற ஒரே தமிழ் உறுப்பினர் என்ற முறையில் கடமையைச் செய்கிறேன்.

அவருடைய 1995 எண்ணைப் பார்த்தால் இன்றைய பிள்ளைகள் சிரிப்பார்கள். எறிந்தது 1,362 யார்டு. அது பர்ரோவுக்கு நான்கு ஆட்டத்தில் வந்துவிடும். ஆனால் அந்த அணி ஆட்டத்துக்கு ஏறத்தாழ 400 யார்டு ஓடியே எடுத்தது. கோச் டாம் ஆஸ்பர்னின் ஆப்ஷன் ஆட்டத்தில் குவார்ட்டர்பேக் பந்தை எறிகிறவர் இல்லை, ஒவ்வொரு ஸ்னாப்பிலும் முடிவெடுக்கிறவர். ஃபுல்பேக்குக்குக் கொடுப்பதா, தானே வைத்துக்கொள்வதா, கடைசி நொடியில் வெளியே பிட்ச் பண்ணுவதா. எதிரே ஓடிவரும் ஒருவனின் தோள் எந்தப் பக்கம் திரும்புகிறது என்று பார்த்து முடிவெடுக்கவேண்டும். பிட்ச் பண்ணின அடுத்த நொடி அடி வாங்கவும் வேண்டும். அந்தக் காலத்தில் குவார்ட்டர்பேக்கைக் காப்பாற்ற இன்றைக்கு இருக்கிற விதிகள் கிடையாது.

1995-இல் நெப்ராஸ்காவை 14 புள்ளியைவிட நெருங்கிய எதிரணி ஒன்றுகூட இல்லை. ஃபைனலில் ஸ்டீவ் ஸ்பரியரின் ஃப்ளோரிடா, 62-24. மூன்றாம் கால் ஆட்டத்தின் முடிவில் ஃப்ரேசியரின் அந்த 75 யார்டு ஓட்டம்! ஏழெட்டுப் பேர் கை வைத்தார்கள், எல்லாரும் சட்டையைத் தொட்டதோடு சரி.

ஒன்று மட்டும் நானே சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் முதலை சொல்வார். 1994-இல் ஃப்ரேசியர் காலில் ரத்தக்கட்டு வந்து சீசனின் பெரும்பகுதி ஆடவில்லை. ப்ரூக் பெரிங்கர்தான் அணியைத் தூக்கிப் பிடித்தார். ஆரஞ்ச் போலில் ஃப்ரேசியர் திரும்பி வந்து மயாமிக்கு எதிராக முடித்துக்கொடுத்தார்.

பிளெய்ன்ஸ்_கழுகு

மேற்கோள்: "ப்ரூக் பெரிங்கர்தான் அணியைத் தூக்கிப் பிடித்தார்"

அண்ணே, நீங்களே என் வேலையைச் செய்துவிட்டீர்கள். ஆளைத் தூக்கிவிட்டு இன்னொருவரைப் போட்டால் அணி என்ன ஆகும் என்றேன். நெப்ராஸ்காவில் நிஜமாகவே போட்டுப் பார்த்தார்கள். அணி தோற்கவே இல்லை.

சோளக்காட்டான்

பெரிங்கர் சுமாரான ஆள் இல்லை தம்பி. அவரை அப்படிச் சொல்லிவிட்டு நெப்ராஸ்கா பக்கம் வந்துவிடாதீர்கள். ஆனால் அந்த அடி வலித்தது, மறுக்கவில்லை.

பழைய_ரேடியோ

எல்லாரும் 1990-க்குப் பிறகுதான் ஃபுட்பால் பிறந்த மாதிரி பேசுகிறீர்கள். டக் ஃப்ளூட்டி என்று ஒருவர் இருந்தார். பாஸ்டன் காலேஜ், 1984 நவம்பர் 23, மயாமிக்கு எதிராக. ஆறு விநாடி இருக்கும்போது எதிரணியின் 48-ஆவது யார்டிலிருந்து ஸ்னாப், பின்னால் ஓடிப்போய்க் காற்றுக்கு எதிராக எறிந்த பந்து ஜெரார்ட் ஃபெலன் கையில். 47-45. ஆள் உயரம் ஐந்தடி பத்து அங்குலம்தான்.

பர்ரோவுக்குக் கிடைத்த ரிசீவர்களில் ஒருவராவது அந்த அணியில் இருந்தாரா? அளவுகோல் உங்களுடையதுதான், நானும் அதைத்தான் பிடித்துக்கொள்கிறேன்.

முதல் ஐந்தில் போடச் சொல்லவில்லை. பேச்சிலாவது வரட்டும்.

ஆஸ்டின்காரி

ஃப்ளூட்டி வந்தாயிற்று, இனி ரோஜர் ஸ்டாபக்கையும் ஸாமி பாவையும் கூப்பிட யாராவது வருவார்கள். பாவ் டெக்சஸ்காரர், எனக்கு ஆட்சேபணை இல்லை.

ஆனால் இந்த "ஆளைத் தூக்கிப் பார்" அளவுகோலில் ஒரு ஓட்டை இருக்கிறது. அது நல்ல அணியில் இருந்த நல்ல குவார்ட்டர்பேக்கை எப்போதும் தண்டிக்கும். சுற்றி ஆள் இல்லாதவன் தனியாகத் தெரிவான், சுற்றி ஆள் இருந்தவன் மறைந்துபோவான். பர்ரோ பக்கத்தில் சேஸ் இருந்தது பர்ரோவின் குற்றமா? நாலு நல்ல ரிசீவர்கள் கிடைத்த எத்தனை குவார்ட்டர்பேக்குகள் வீணடித்திருக்கிறார்கள் என்பது தெரியாதா? எங்கள் டெக்சஸிலேயே 2009-க்குப் பிறகு ஒரு தலைமுறையே பார்த்தோம்.

மூன்றாம்_டவுன்

அக்கா சொன்னது நியாயம். அதனால் அளவுகோலை இப்படி மாற்றிக்கொள்கிறேன்: அணி எப்படி இருந்தாலும் சரி, அந்தக் குவார்ட்டர்பேக் இருந்ததால் எதிரணி எதைச் செய்யப் பயந்தது?

யூ.எஸ்.சி. பண்ட் அடிக்கப் பயந்தது. இந்த இழையிலேயே எனக்குப் பிடித்த வாதம் அதுதான். 2010-இல் நியூட்டனை நிறுத்த வெறும் ஏழு பேரை முன்னே வைக்க யாருக்கும் துணிவில்லை. 2019-இல் பர்ரோ மேல் ப்ளிட்ஸ் அனுப்பினால் அதற்குரிய தண்டனை உடனே கிடைத்தது, டெக்சஸ் அதை முதலிலேயே அனுபவித்தது. அனுப்பாமல் எட்டுப் பேரைப் பின்னால் நிறுத்தினால் அவரே ஓடி முதல் டவுன் எடுத்தார். அலபாமா ஆட்டத்தின் கடைசிக் காலில் அப்படி ஓடி ஓடித்தான் கடிகாரத்தைக் கரைத்தார். எதைச் செய்தாலும் அடி.

டீபோவிடம் அந்தப் பயம் குறைவு என்பது என் எண்ணம். 2009 எஸ்.இ.சி. ஃபைனலில் அலபாமா அவரை எறியவிட்டே ஜெயித்தது, 32-13.

இப்போது என் வரிசை: யங், பர்ரோ, நியூட்டன், ஃப்ரேசியர், டீபோ. பர்ரோவை இரண்டுக்கு மேலே ஏற்றாததற்குக் காரணம் அதேதான், 2018. அதே ஆள் ஸீரோ எடுத்த ஒரு நவம்பர் இரவு அங்கே இருக்கிறது. வின்ஸ் யங்கிடம் அப்படி ஒன்றைக் காட்ட முடியுமா?

கெய்ன்ஸ்வில்_முதலை

முடியும். 2004, ஓக்லஹோமா 12, டெக்சஸ் 0. ஸ்டார்ட்டர் யார் என்று அக்காவையே கேளுங்கள்.

அப்புறம் டீபோவைக் கடைசியில் தள்ளினதற்குத் தனி இழை தொடங்கப்போகிறேன்.

ஆஸ்டின்காரி

அந்த ஆட்டத்தை டெக்சஸில் யாரும் பேசுவதில்லை முதலை. ஆனால் அதற்குப் பிறகு அவர் கல்லூரியில் ஒரு ஆட்டம்கூடத் தோற்கவில்லை, அதையும் சேர்த்து எழுதிக்கொள்ளுங்கள்.

பேயூ_புலி

அப்படியானால் இரண்டு பேரிடமும் ஒரு பூஜ்யம் இருக்கிறது. 2018-ஐக் காட்டிப் பர்ரோவை இரண்டாவதாக வைத்த காரணம் போய்விட்டது. மூன்றாம்_டவுன், வரிசையைத் திரும்ப எழுதுங்கள், காத்திருக்கிறேன்.